மலைப்பாதை மாட்: பகிரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குன்னூர்ப் பையன்கள் பலருடைய போனில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா இருக்கிறது. அங்குள்ள மலேயோ நிறுவனம் 2017இல் கொண்டுவந்த கேம். ஆனால் இவர்கள் அதில் ஓட்டுவது நம்ம ஊர் அரசு பஸ். நெற்றியில் ‘குன்னூர் – கோத்தகிரி’ என்று போர்டுகூட உண்டு. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் யூரோ டிரக் சிமுலேட்டர் 2இல் நம் மலைப்பாதையைத் தேடுகிறார்கள். இவை எதுவும் கேமோடு வந்தவை அல்ல. யாரோ ராத்திரி கண்விழித்துச் செய்து, காசு வாங்காமல் கொடுத்த மாட்கள், அதாவது கேமில் நாமே சேர்த்துக்கொள்ளும் மாற்றங்கள். நானும் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இவை கைமாறும் விதத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

‘சும்மா கிடைத்ததுதானே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்’ என்ற நினைப்புதான் எல்லாத் தவறுக்கும் வேர். விலை இல்லை என்பது வேறு, உரிமை இல்லை என்பது வேறு. ஒருவர் ஒரு மாடலைச் செய்து முடித்ததுமே பதிப்புரிமை அவருக்கு வந்துவிடுகிறது. எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதி வைக்கவில்லை என்றால், எடுக்கக் கூடாது என்றுதான் பொருள். அதுவும் ஒரு பஸ்ஸைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலு பேர் உழைப்பு இருக்கும். பாடி ஒருவருடையது, ஹாரன் சத்தம் இன்னொருவர் பதிவு செய்தது, சீட் டெக்ஸ்சர் (மாடலின் மேற்பரப்பில் ஒட்டும் படம்) வேறொருவர் வரைந்தது, பஸ்ஸின் வெளிப்புறத்துக்கு நிறமும் எழுத்தும் தரும் ஸ்கின் நான்காவது ஆளுடையது. ஒருவரிடம் அனுமதி வாங்கிவிட்டால் நால்வரிடமும் வாங்கியதாக ஆகாது.

இதற்கு ஓர் உதாரணம். 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் கேமுக்கு, ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் காசுக்கு மாட் விற்கும் ஏற்பாடு தொடங்கியது. முதலில் விற்பனைக்கு வந்தவற்றில் மீன்பிடிக்கும் மாட் ஒன்று. அது இன்னொருவருடைய அனிமேஷன் வேலையை நம்பியிருந்தது, அவரிடம் கேட்கவில்லை என்று பிரச்சினை கிளம்பியதும் அது விற்பனையிலிருந்து போய்விட்டது. சில நாளில் அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது.

அடுத்தது, ஃபைலை அப்படியே மறுபடி ஏற்றுவது. யூரோ டிரக் மாட் ஃபைலின் வாலில் எஸ்சிஎஸ் என்று இருந்தாலும் பல சமயம் அது ஒரு ஜிப்தான். திறந்தால் மேனிஃபெஸ்ட் என்ற சின்ன ஃபைல் இருக்கும்; அதில் பெயர், பதிப்பு எண், ஆதர் (செய்தவர் பெயர்), எந்த கேம் பதிப்புக்குப் பொருந்தும் என்று சில வரிகள். போன வருடம் ஒரு தம்பி எனக்கு அனுப்பிய ஃபைலை இப்படித் திறந்தேன். பர்லியார் பழக்கடை, மங்குஸ்தான் கூடை உட்பட, நான் செய்தது. ஆதர் வரியில் வேறு யாரோ. கடை போர்டின் மூலையில் என் மகள் பெயரைச் சின்னதாக எழுதியிருந்தேன். அதன்மேல் பழுப்பு நிறம் பூசியிருந்தது. அதைவிட வேதனை, அது பழைய பதிப்பு. கல்லாறைத் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் தடுப்புச்சுவருக்குப் பக்கத்தில் தரையில் ஓட்டை இருந்தது, பஸ்ஸின் பின்சக்கரம் அதில் இறங்கினால் வண்டி பாதாளத்துக்குப் போய்விடும். 1.1 பதிப்பில் அதை அடைத்துவிட்டேன். ஆனால் குரூப் குரூப்பாகச் சுற்றும் ஃபைலில் வண்டி இன்னும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. திருத்தம் போய்ச் சேர வழியே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஃபைலை அனுப்பாதீர்கள், செய்தவர் வைத்திருக்கும் லிங்க்கை அனுப்புங்கள்.

சரி, மாற்றம் செய்ய ஆசையாக இருக்கிறது என்றால்? மூல மாட் முழுவதையும் உடைத்து, மாற்றி, புதுப் பெயரில் கட்டாதீர்கள். உங்கள் மாற்றத்தை மட்டும் தனிச் சிறு மாட்-ஆகச் செய்யுங்கள். யூரோ டிரக்கில் மாட் மேனேஜர் பட்டியலில் மேலே இருப்பதுதான் கீழே இருப்பதை வெல்லும். ஆகவே நீங்களே வரைந்த ஸ்கின்னோ புது போர்டோ மட்டும் உள்ள ஃபைலை மேலே வைத்தால் போதும். ‘இதற்கு இந்த மூல மாட் தேவை’ என்று எழுதி அதன் லிங்க்கைக் கொடுக்கலாம். மூலத்தில் திருத்தம் வந்தால் உங்கள் ஆட்களுக்கும் அது கிடைக்கும்.

இணையத்தில் கிடைக்கும் முப்பரிமாண மாடல்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம முறையின் எழுத்துகள் இருக்கும். பிஒய் என்றால் பெயர் சொல்ல வேண்டும். என்சி என்றால் காசு பார்க்கக் கூடாது. என்டி என்றால் மாற்றியதைப் பகிரவே கூடாது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எஸ்ஏ என்றால் நீங்கள் மாற்றியதையும் அதே நிபந்தனையில் விட வேண்டும். இன்னொரு கேமிலிருந்து உருவி எடுத்த பஸ்ஸுக்கு இந்த எழுத்து எதுவும் பொருந்தாது. அதைத் தொடாமல் இருங்கள்.

‘மாட் ஏபிகே’ (ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) என்ற பெயரில் சுற்றுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கேமையே உடைத்து மாற்றியது. மைன்கிராஃப்ட் கேமின் விதி இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொல்கிறது: நீங்கள் சொந்தமாகச் செய்த மாட்களைப் பகிரலாம், மாற்றப்பட்ட கேமைப் பகிரக் கூடாது.

நம்பிக்கையான இடத்திலிருந்து இறக்கினாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மாட்கள் கிடைக்கும் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் சிலருடைய கணக்குகளைக் கைப்பற்றி, பாஸ்வேர்டு திருடும் நிரலை மாட்களுக்குள் நுழைத்துவிட்டார்கள். பஸ் ஸ்கின் என்று வந்த ஜிப்பில் இஎக்ஸ்இ ஃபைல், அதாவது கம்ப்யூட்டரில் தானே ஓடும் நிரல், இருந்தால் ஓட்டிப் பார்க்காமல் அழித்துவிடுங்கள்.

அப்புறம், அளவு. 4096க்கு 4096 டெக்ஸ்சர் ஒன்றைச் சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. அதையே டிஎக்ஸ்டி5 முறையில் சுருக்கினால் 16 எம்பி. மழை நாளில் சிக்னல் வந்து வந்து போகும் எங்கள் எஸ்டேட் லைன்களில் பாதி இறங்கி நின்றுபோன ஜிப்தான் ‘மாட் வேலை செய்யல’ என்ற புகாராக வருகிறது. ஃபைல் அளவை விளக்கத்தில் எழுதிவிட்டால் அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள். பஸ் ஸ்டாண்டில் எடுத்த போட்டோவை டெக்ஸ்சராக ஒட்டும்போது அதில் விழுந்த முகங்களையும் டிஎன் 43 நம்பர் பிளேட்டுகளையும் அழித்துவிடுங்கள்.

வெளியிடும் முன் மற்ற மாட்கள் எல்லாவற்றையும் அணைத்து, புது புரொஃபைலில் ஓட்டிப் பாருங்கள். யூரோ டிரக் ஃபோல்டரில் கேம்.லாக் என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். எரர் என்று தேடினால் எந்த டெக்ஸ்சர் விட்டுப்போனது என்று அதுவே சொல்லும்.

கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். சென்ற மாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு காலேஜ் பையன் எழுதியிருந்தான்: “அண்ணா, உங்க பழக்கடையை எடுத்து குஞ்சப்பனை பக்கம் வெச்சுக்கலாமா? மங்குஸ்தானுக்குப் பதிலா பலாப்பழம் போடறேன். உங்க பேரை ஆதர் வரியிலயே விட்டுடறேன்.” அன்று ராத்திரியே அவனுக்குக் கடையின் பிளெண்டர் ஃபைலை (முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருளின் மூல ஃபைல்) முழுசாக அனுப்பினேன். பலாப்பழத்தை அவன் என்னைவிட நன்றாகவே செய்திருக்கிறான். போர்டு மூலையில் மகள் பெயர் அப்படியே இருக்கிறது.