சிலுவையின் ஏழு வார்த்தைகளும் நான்கு சுவிசேஷங்களும்: வேதபாடம் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதபாடம் நடத்தப் புதிதாக வரும் இளைஞர்களின் குறிப்புகளைப் படித்துப் பார்த்துக் கொடுப்பது வழக்கம். வசன எண் மாறிப்போவது, முன்பின் பார்க்காமல் ஒரு வசனத்தை மட்டும் உருவுவது போன்றவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. யாராவது சுட்டிக்காட்டினால் திருந்திவிடும். வேதாகமத்தின் புத்தகங்கள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மனிதர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பதை மறப்பதால் வரும் தவறுகள் லேசில் போவதில்லை. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

நான்கையும் ஒன்றாகக் குழைப்பது

என்னால் இன்றும் பொறுக்க முடியாத தவறு இது. பெரிய வெள்ளியன்று நம் சபைகளில் இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோம். அந்த ஏழும் எந்த ஒரு சுவிசேஷத்திலும் சேர்ந்து இல்லை. மத்தேயுவிலும் மாற்குவிலும் இருப்பது ஒன்றே ஒன்று: "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" லூக்காவில் மூன்று, யோவானில் வேறு மூன்று. ஏழையும் வரிசையாகத் தியானிப்பதில் தவறில்லை. ஒன்றின் கூர்மையை இன்னொன்றால் மழுக்கும்போதுதான் நஷ்டம்.

ஒரு வருடம் "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற நான்காம் வார்த்தையை ஒரு தம்பிக்குக் கொடுத்திருந்தார்கள். நல்ல குரல், நன்றாகத் தயாரித்தும் வந்திருந்தார். ஆனால் அந்தக் கூக்குரலில் கொஞ்சநேரம்கூட நிற்கவில்லை. "அடுத்து, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன் என்கிறாரே, அப்படியானால் அவர் கைவிடப்படவில்லை" என்று லூக்காவுக்குத் தாவிவிட்டார். ஆராதனை முடிந்ததும், அந்த வருடம் மகனை அடக்கம் செய்திருந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். "அந்த ஒரு வார்த்தையைக் கேக்கத்தான் வந்தேன் ஐயா. அதைச் சொல்லி முடிக்கவே விடலையே" என்றார்.

மாற்கு அந்தக் கூக்குரலைத் தனியாக விட்டிருக்கிறார். சீஷர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள் (14:50). கூடச் சிலுவையில் அறையப்பட்டவர்களும் நிந்திக்கிறார்கள். தேசமெங்கும் இருள். மாற்கு ரோமாபுரியில் எழுதினார் என்பது ஆதிச்சபையின் மரபு; காலம் கி.பி. 70-ஐ ஒட்டியது என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. 64-ல் ரோமாபுரி எரிந்தபின் நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டு அவர்களைக் கொன்றான். மரபு சரியென்றால், உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு நடுவே வாசிக்கப்பட்ட சரித்திரம் இது. கைவிடப்பட்ட அந்த மரணத்தைப் பார்த்து "மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்" என்று சொல்வதும் ஒரு ரோம நூற்றுக்கு அதிபதிதான்.

லூக்கா எழுதுவது "மகா கனம்பொருந்திய" தெயோப்பிலுவுக்கு. இயேசு குற்றமற்றவர் என்பதை அவர் அழுத்திச் சொல்கிறார். பிலாத்து மூன்று தடவை குற்றம் காணவில்லை என்கிறான். நூற்றுக்கு அதிபதியின் வாயிலும் இங்கே "நீதிபரன்" என்றே வருகிறது. யோவானில் இயேசு தாமே சிலுவையைச் சுமக்கிறார். மற்ற மூன்றிலும் அதைச் சுமக்கும் சிரேனே ஊரானாகிய சீமோன் அங்கே இல்லை. என் ஜீவனை ஒருவனும் என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான் என்று 10-ஆம் அதிகாரத்தில் சொன்னவர், "முடிந்தது" என்று சொல்லி அதை ஒப்புக்கொடுக்கிறார்.

குழைக்கும் ஆசை பழையது. கி.பி. 170 வாக்கில் தாத்தியான் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் நான்கையும் ஒரே கதையாகப் பின்னினார். சீரிய சபைகள் பல தலைமுறை அதைத்தான் வாசித்தன. 5-ஆம் நூற்றாண்டில் தியோதோரெத்து என்ற ஆயர் தம் பகுதியிலிருந்த 200-க்கும் மேற்பட்ட பிரதிகளை அகற்றி, நான்கு சுவிசேஷங்களைத் திரும்ப வைத்தார். கதைகள் ஒன்றோடொன்று உரசும் என்று தெரிந்தேதான் சபை நான்கையும் வைத்துக்கொண்டது. ஆகவே எந்தச் சுவிசேஷத்திலிருந்து பேசுகிறீர்களோ, அதன் பாடுகளை முதலிலிருந்து கடைசிவரை தனியாக வாசியுங்கள். அதுவரை மற்ற மூன்றும் மூடியே இருக்கட்டும்.

மத்தேயு யூதருக்கு, மாற்கு ரோமருக்கு என்று சீட்டு ஒட்டுவது

பாதி உண்மை. கை கழுவும் சர்ச்சையில் மாற்கு நின்று யூத வழக்கத்தை விளக்குகிறார் (7:3-4). மத்தேயு 15-ல் அந்த விளக்கம் இல்லை; அவருடைய வாசகர்களுக்கு அது வீட்டுப் பழக்கம். விதவையின் இரண்டு காசுக்கும் மாற்கு ரோம நாணயக் கணக்கில் மதிப்புச் சொல்கிறார். சரி. ஆனால் அதே மத்தேயுதான் இயேசுவின் வம்சவரலாற்றில் யூதரல்லாத ராகாபையும் ரூத்தையும் சேர்க்கிறார், "சகல ஜாதிகளையும்" சீஷராக்கும் கட்டளையோடு முடிக்கிறார். சீட்டை நம்பி உட்கார்ந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

முன்னணையருகே சாஸ்திரிகள்

குழந்தை இயேசுவைக் கிடத்திய முன்னணை லூக்காவில். கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வருவது மத்தேயுவில்; அங்கே அது வீடு (2:11).

பவுலின் பதிலை மட்டும் படிப்பது

"நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து" என்கிறது 1 கொரிந்தியர் 7:1. முதலில் அவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். கலாத்தியருக்கு எழுதும்போது வழக்கமான ஸ்தோத்திரம்கூட இல்லாமல் கண்டிப்பில் இறங்குகிறார். தாம் அதுவரை போயிராத ரோமாபுரிச் சபைக்கு நிதானமாக அடுக்கி எழுதுகிறார். ஆபிரகாம் இரண்டிலும் வருகிறார், ஆனால் தொனி வேறு.

எல்லா ஊரிலும் ஒரே பிரசங்கம் என்று நினைப்பது

அப்போஸ்தலர் 13-ல், பிசீதியா நாட்டு அந்தியோகியாவின் ஜெபஆலயத்தில் பவுல் எகிப்து, தாவீது என்று முன்னோர் கதையில் தொடங்குகிறார். 14-ல், லீஸ்திராவில் தாவீதின் பேச்சே இல்லை. மழையையும் செழிப்பான காலங்களையும் காட்டுகிறார். 17-ல், அத்தேனேயில் அந்த ஊர்க்காரர்கள் அறிந்த புலவரின் வரியையே எடுக்கிறார். மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்து, கேட்டுக்கொண்டிருப்பது யார் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு, அப்புறம் வகுப்புக்குப் போங்கள்.