எந்தச் சமையலுக்கு எந்த வினிகர்: புளிக்குப் பஞ்சமில்லாத ஊரிலிருந்து ஒரு வழிகாட்டி

மாசி, பங்குனி வந்தால் புதுப்புளியைக் கொட்டை நீக்கி, கல் உப்புச் சேர்த்துப் பானையில் அழுத்தி வைக்கும் வழக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் இன்னும் உண்டு. அத்தகைய வீட்டுக்குள் வினிகர் நுழைவது பெரும்பாலும் பிள்ளைகள் கேட்ட கோபி மஞ்சூரியனுக்காகத்தான். அதற்குச் செலவானது இரண்டு தேக்கரண்டி போக, மீதிப் புட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் கொள்ளுக் குழம்பில் ஊற்றிப் பார்த்தவர்களுள் நானும் ஒருத்தி. அன்று களிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்தான் மிஞ்சியது.

குழம்பு கெட்டதற்குக் காரணம் உண்டு. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் எவ்வளவு கொதித்தாலும் ஆவியாவதில்லை. குழம்பு வற்ற வற்றப் புளிப்பு திரண்டு நிற்கும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமோ சூட்டில் ஓரளவு ஆவியாகி, மூக்கில் ஏறும் நெடியாகக் கிளம்பும். ஆகவே நெடுநேரம் கொதிக்கும் குழம்பு, ரசம், கீரைக் கடைசல் ஆகியவற்றைப் புளிக்கும் தக்காளிக்கும் விட்டுவிட்டு, அடுப்பை அணைக்கும் தறுவாயில் புளிப்பு வேண்டிய பண்டங்களுக்கும், அடுப்பே ஏறாதவற்றுக்கும் வினிகரை வைத்துக்கொள்வது நல்லது. கோவாவின் விண்டாலு இதற்கு விலக்கு: அங்கே கள்ளிலிருந்து எடுக்கும் வினிகரில் மசாலாவை அரைத்து இறைச்சியை ஊறவைத்து வேகவிடுகிறார்கள், கொழுப்பும் காரமும் அந்தப் புளிப்பைத் தாங்கிக்கொள்கின்றன.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது லேபிள். மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பல, அசிட்டிக் அமிலத்தை நீரில் கலந்து செய்த சிந்தெடிக் வகை. அதை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. பழச்சாறு, கரும்புச்சாறு, தானியம் போன்றவற்றை நொதிக்கவிட்டு எடுப்பது மற்றொரு வகை. இரண்டிலும் அமிலம் குறைந்தது 3.75 சதவீதம் இருக்க வேண்டும். 4 அல்லது 5 என்று அச்சிட்ட புட்டிகளும் உண்டு. சில்லி சிக்கனுக்கும் ஃபிரைடு ரைஸுக்கும் சிந்தெடிக் வினிகரே போதும், ஏனெனில் சோயா சாஸும் பூண்டும் சேர்ந்த பிறகு மற்ற மணம் எதுவும் எடுபடாது. வெள்ளரி, வெங்காயம், முளைகட்டிய பயறு சேர்ந்த பச்சைக் கலவைக்கு மட்டும் ஆப்பிள் சிடர் வினிகரின் மென்மை வேண்டியிருக்கிறது. பால்சாமிக் என்னும் இத்தாலியத் திராட்சை வினிகரை நம் சமையலில் நுழைக்க எனக்குக் காரணம் அகப்படவில்லை. அதன் இனிப்பு நம் தாளிப்போடு ஒட்டுவதில்லை.

பன்னீருக்கு வெள்ளை வினிகரை மிஞ்ச எதுவுமில்லை. 1 லிட்டர் பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, 2 மேசைக்கரண்டி வினிகரை அதே அளவு நீரில் கலந்து, சிறிது சிறிதாக விட்டு மெதுவாகக் கிளற வேண்டும். பால் திரிந்து, ஓரத்தில் தெளிந்த இளம்பச்சை நீர் தெரிந்த உடனே கையை நிறுத்திவிட வேண்டும். கரண்டியில் மீதி இருக்கிறதே என்று ஊற்றினால் பன்னீர் ரப்பராகும். துணியில் வடித்துக் குளிர்ந்த நீரில் அலசினால் நெடி போய்விடும்.

ஊறுகாயில்தான் பலர் தவறுகிறார்கள். கிளிமூக்கு மாங்காய்க்குத் தன் புளிப்பே போதும். உப்பும் எண்ணெயும் இருக்க வினிகர் எதற்கு? தமக்கெனப் புளிப்பு இல்லாத கேரட், பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் ஆகியவற்றுக்குத்தான் அது தேவை. 4 சதவீத வினிகரில் பாதிக்குப் பாதி நீர் சேர்த்தால் மிஞ்சுவது 2 சதவீதமே என்பதால், அப்படிக் கலந்ததைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும். வினிகரில் கிடக்கும் பூண்டு சில வேளை நீலமாகவோ பச்சையாகவோ மாறும். பூண்டின் கந்தகச் சத்துகள் அமிலத்தில் அடையும் மாற்றமே அது, கெட்டுப்போனதன் அடையாளம் அன்று.

இறைச்சியை வினிகரில் ஊறவைப்பதானால் கோழிக்கு அரை மணி நேரம் போதும். இரவு முழுவதும் விட்டால் மேற்புறம் மாவாகிவிடும். பாத்திரம் பீங்கானாகவோ கண்ணாடியாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் அமிலத்தில் கரையும். வடிகட்டாத சிடர் வினிகரின் அடியில் நூல்போல் மிதக்கும் கசடைப் பார்த்துப் புட்டியைக் குப்பையில் போட வேண்டாம். வினிகரை உண்டாக்கிய நுண்ணுயிர்களின் படலம் அது, குலுக்கிவிட்டு ஊற்றிக்கொள்ளலாம்.