வேலைக்கு முன்பே சான்றிதழ் குவிக்கும் புது நர்ஸ்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்பை முடித்த கையோடு நேர்காணலுக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது ஒன்று மட்டும் மாறவே இல்லை என்று தெரிகிறது. ஃபைலைத் திறந்தால் பிளாஸ்டிக் உறைகளில் வரிசையாகச் சான்றிதழ்கள். எங்கள் பேட்ச் படித்து முடித்த காலத்திலும் இதுதான் நடந்தது. வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் வந்தால் ஒரு கோர்ஸ், அது போதாது என்று யாராவது சொன்னால் இன்னொன்று.

கூடுதல் சான்றிதழ் இருந்தால் வேலை கிடைக்குமா? சில இடங்களில் உதவும். ஆனால் கோர்ஸ் நடத்துபவர்கள் சொல்கிற அளவுக்கு உதவாது. வார்டு தரப்பிலிருந்து நேர்காணலில் உட்காருகிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பயோடேட்டாவில் எழுத்துப்பிழை, தாமதமாக வருவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிஎல்எஸ்ஸைத் தள்ளிப்போடுவது

இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி, மூச்சு கொடுத்து உயிர் காக்கும் அடிப்படைப் பயிற்சிதான் பிஎல்எஸ். இதைக் கூடுதல் தகுதி என்று நினைக்காதீர்கள். பல மருத்துவமனைகளில் இது இல்லாமல் விண்ணப்பமே நகராது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல் 6 செ.மீ.யைத் தாண்டாமல் ஆழம், தனியாகச் செய்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இது வாயிலும் கையிலும் வர வேண்டும்.

முழுக்க முழுக்க ஆன்லைனிலேயே அட்டை தருகிறோம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பிஎல்எஸ் பாடத்தை ஆன்லைனில் படிக்கலாம். ஆனால் பொம்மையின் மேல் கை வைத்துச் செய்து காட்டாமல் அட்டை கிடைக்காது. எந்த அமைப்பின் அட்டையை ஏற்பார்கள் என்று விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

ஈசிஜி படிக்கத் தெரியாமல் ஏசிஎல்எஸ் முடிப்பது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்.

ஒரு பெண் வந்திருந்தார். பயோடேட்டாவின் முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் ஏசிஎல்எஸ், அதாவது ரிதம் பார்த்து மருந்தும் ஷாக்கும் கொடுக்கும் மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சி. எங்கள் குழுவில் இருந்த ஐசியு இன்சார்ஜ் அதைப் பார்த்ததும் இயல்பாகவே கேட்டார்: "மானிட்டரில் ரிதம் சீராக ஓடுகிறது. தொட்டுப் பார்த்தால் நாடி இல்லை. என்ன செய்வீங்க?" அந்தப் பெண் யோசிக்காமல், "ஷாக் கொடுப்பேன் மேடம்" என்றார்.

அது பிஇஏ: இதயத்தில் மின்னோட்டம் தெரியும், நாடி இருக்காது. அதற்கு ஷாக் கிடையாது. உடனே மார்பு அழுத்தத்தைத் தொடங்க வேண்டும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எபிநெஃப்ரின் 1 மி.கி. போக வேண்டும். அதே நேரத்தில் ரத்தம் குறைந்ததா, ஆக்சிஜன் குறைந்ததா, பொட்டாசியம் ஏறிவிட்டதா, நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்துக்கொண்டதா என்று காரணத்தைத் தேட வேண்டும். ஷாக் கொடுப்பது விஎஃப் (இதயக் கீழறைகள் தாறுமாறாகத் துடிப்பது), நாடியில்லாத விடி (கீழறைகள் மிக வேகமாகத் துடிப்பது) ஆகிய இரண்டுக்கும்தான். ஏசிஎல்எஸ் வகுப்பின் உயிர்நாடியே இந்தப் பிரிவினைதான்.

புதிதாகப் படித்து வந்தவருக்கு இது தெரியாமல் போனால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அந்த அட்டை இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. எழுதியிருக்கிறீர்கள் என்றால் கேட்பார்கள். பதில் வரவில்லை என்றால், மற்றதையும் இப்படித்தான் படித்திருப்பாரோ என்ற சந்தேகம் வந்துவிடும். அன்றைக்கு அதுதான் நடந்தது. கடைசியில் நான் அவரிடம் கிளினிக்கல் போஸ்டிங்கில் (படிக்கும்போது வார்டில் பெறும் பயிற்சியில்) மறக்க முடியாத ஒரு நோயாளியைப் பற்றிக் கேட்டேன். அறுவை முடிந்து வந்த ஒருவருக்கு நாடி ஏறிக்கொண்டே போனதையும், சிறுநீர் குறைந்ததையும், கை சில்லிட்டதையும் கவனித்து சீனியரை அழைத்து வந்ததை அழகாகச் சொன்னார். ரத்தக்கசிவு. நேரத்தோடு கண்டுபிடித்திருக்கிறார்கள். வேலை கொடுக்க அந்த ஒன்று போதும். ஆனால் அது ஃபைலில் எந்தப் பக்கத்திலும் இல்லை, அதற்குள் குழுவில் மற்றவர்கள் மதிப்பெண் போட்டு முடித்திருந்தார்கள். அந்த முறை அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

எனக்குக் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு "இது இருந்தால் ஐசியு வேலை உறுதி" என்று அனுப்பி வைத்தவர்கள் மேல்தான். ஏசிஎல்எஸ் என்பது ஒன்றிரண்டு நாளில் முடிகிற வகுப்பு. அது ஈசிஜியை அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தராது. ரிதம் பார்க்கத் தெரியும், அவசர மருந்துகள் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் வகுப்புக்கு முன்பே ஒரு சுயமதிப்பீட்டுத் தேர்வு வைத்து, அதில் 70 சதவீதம் வாங்கிவிட்டு வரச் சொல்வது அதனால்தான். அந்தத் தேர்வைப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு முடித்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால் என்ன ஏறும்?

பண நஷ்டத்தையும் பாருங்கள். அட்டைக்கு ஆயுள் 2 ஆண்டு. வேலை தேடுவதில் கொஞ்ச காலம் போகும். பிறகு பெரும்பாலும் பொது வார்டில்தான் போடுவார்கள். ஐசியுவுக்கு மாறும் நேரத்தில் அட்டை காலாவதி ஆகியிருக்கும், மறுபடி கட்ட வேண்டும். பல மருத்துவமனைகள் ஐசியுவில் எடுத்துக்கொண்ட பிறகு தங்கள் செலவிலேயே இந்தப் பயிற்சிக்கு அனுப்புகின்றன. அதை வீட்டுப் பணத்தில் முன்கூட்டியே வாங்க என்ன அவசரம்?

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் மாதங்கள். புதியவர்களுக்கென்று பயிற்சியோடு வேலை தரும் திட்டங்கள் பலவற்றில், படிப்பு முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று இருக்கும். கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த வாசல் மூடிவிடும். கையும் நோயாளியைத் தொட்டு நாளாகிவிடும்.

அப்படியானால் எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். விண்ணப்பிக்கும் ஐசியு அல்லது அவசரப் பிரிவு விளம்பரத்திலேயே கேட்டிருந்தால், ஈசிஜி துண்டைக் கொடுத்தால் நீங்களாகவே படிப்பீர்கள் என்றால், கடைசி போஸ்டிங் அந்தப் பிரிவிலேயே இருந்தது என்றால் தாராளமாக எடுங்கள். அப்போது அது நிஜமாகவே கை கொடுக்கும்.

சிசிஆர்என் போன்றவற்றைத் துரத்துவது

சிசிஆர்என் என்பது தீவிர சிகிச்சை நர்ஸ்களுக்கான சான்றிதழ். புதியவர்களால் அதை வாங்க முடியாது. அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் கிரிட்டிகல் கேர் நர்ஸஸ் நடத்தும் அந்தத் தேர்வை எழுதவே, தீவிர நோயாளிகளை நேரடியாகக் கவனித்த அனுபவம் மணிக்கணக்கில் வேண்டும். 2 ஆண்டு அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் வழியில் 1,750 மணி நேரம். அதற்கான தயாரிப்பு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு பயோடேட்டாவில் "சிசிஆர்என்" என்று போடாதீர்கள். விசாரித்தால் தெரிந்துவிடும், பெயர் கெட்டுவிடும்.

துறைக்கு ஒன்று என்று வாங்கிவைப்பது

எந்த வார்டு வேண்டும் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றுதான் அது காட்டும்.

சான்றிதழை மேலே போட்டு, போஸ்டிங்கைக் கீழே ஒளிப்பது

எந்தப் பிரிவு, எத்தனை வாரம், ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள், மேற்பார்வையில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறீர்களா, அங்கே பிறந்த குழந்தையின் உயிர் காக்கும் பயிற்சியான என்ஆர்பிக்கு அர்த்தம் இருக்கிறது. பக்கவாதப் பிரிவா, பக்கவாதத்தின் தீவிரத்துக்கு 0 முதல் 42 வரை மதிப்பெண் போடும் என்ஐஹெச்எஸ்எஸ் பயிற்சியைச் சேருங்கள். ஒன்று போதும்.

பிஎல்எஸ் தவிர எதுவுமே இல்லாத ஒரு தம்பி நேர்காணலில் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. நோயாளி "நல்லா இருக்கேன்" என்று சொன்னாலும் மூச்சை முழு நிமிடம் எண்ணியதில் 28 வந்திருக்கிறது. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ் 2 அட்டவணையில் மூச்சு எண்ணிக்கை 25 அல்லது அதற்கு மேல் போனாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 புள்ளி, உடனே ஆள் வந்து பார்க்க வேண்டும். டாக்டரைப் போனில் அழைத்து என்ன நடக்கிறது, பின்னணி என்ன, தான் என்ன நினைக்கிறார், என்ன செய்ய வேண்டும் என்று எஸ்பார் வரிசையில் சொன்னதை அப்படியே எங்களிடம் சொல்லிக் காட்டினார். அவரை எடுத்துக்கொண்டோம். அந்த ஆண்டே ஏசிஎல்எஸ்ஸுக்கும் அனுப்பினோம்.

காலாவதியான அட்டையைக் காட்டுவது

புதுப்பியுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

கடன் வாங்கிக் கோர்ஸில் சேருவது

வேண்டவே வேண்டாம்.

கேட்காமல் எழுந்து வருவது

கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சேர்ந்த முதல் ஆண்டில் எந்தெந்தச் சான்றிதழ் முடிக்க வேண்டும், செலவு யாருடையது, பயிற்சி நாட்கள் டியூட்டியாகக் கணக்கில் வருமா, பயிற்சி தந்த பிறகு இத்தனை காலம் இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.