வீட்டுக் கன்சோலுக்குப் போர் விமான கேம்: குமரி மாவட்டத்தில் வாங்குகிறவர்களுக்கு

அட்டையில் எந்த விமானம் போட்டிருக்கிறது என்று பார்த்து கேம் வாங்கினால் பாதி நேரம் ஏமாற்றம்தான். ரஃபேலும் சுகோயும் பல கேம்களில் வரும். பார்க்க வேண்டியது வேறு: நெட் இல்லாமல் ஓடுமா, விமானத்தை எவ்வளவு தூரம் நாமே ஓட்ட வேண்டும், இருக்கிற கன்சோலில் டிஸ்க் போட இடம் உண்டா.

முதலில் நெட். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று வருடத்தில் இரண்டு பருவம் நமக்கு. கொல்லையில் தென்னை மட்டை கேபிள்மேல் விழுந்தால் அன்றைக்கு நெட் போச்சு. முழுக்க ஆன்லைனில் ஓடும் கேமை மட்டும் நம்பி கன்சோல் வாங்கினால் விடுமுறை நாளில் பிள்ளைகள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே முதல் கேம், நெட் இல்லாமலும் கதை முழுவதையும் விளையாட முடிகிற ஒன்றாக இருக்கட்டும்.

அந்தக் கணக்கில் பிளேஸ்டேஷன் (சுருக்கமாக பிஎஸ்) 4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் எது வைத்திருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஏஸ் காம்பாட் 7. பண்டாய் நாம்கோ 2019 ஜனவரியில் வெளியிட்டது. வயதாகிவிட்டது என்று ஒதுக்க வேண்டாம். 20 மிஷன் கொண்ட கதை, நெட் தேவையில்லை. மிஷன் முடிக்க முடிக்கக் கிடைக்கும் புள்ளிகளை வைத்து அடுத்த விமானத்தையும் ஆயுதத்தையும் எடுக்கலாம். நம் விமானப்படை பெயர்களைத் தேடுகிற பிள்ளைகளுக்கு மிக்-21 பிஸ், மிக்-29, மிராஜ் 2000-5, ரஃபேல் எம் எல்லாம் உள்ளே உண்டு. தஞ்சாவூர் தளத்தில் 2020 முதல் இருக்கும் சுகோய்-30 எம்கேஐ அப்படியே இல்லை. அதிலிருந்து பிறந்த ரஷ்யாவின் சு-30 எஸ்எம் இருக்கிறது. கதை நடப்பது கற்பனை நாடுகளுக்கு இடையில். வசனம் ஆங்கிலம் அல்லது ஜப்பானியம்தான், தமிழ் கிடையாது. சண்டைக்கு நடுவே ரேடியோவில் பேசிக்கொண்டே இருப்பார்கள், எழுத்து பொடியாக ஓடும். அதைப் படிக்காமல் போனாலும் எதிரியைக் காட்டும் குறியைப் பின்தொடர்ந்தால் மிஷன் முடிந்துவிடும்.

பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் இதற்குத் தனியாக பிஎஸ்5 பதிப்பு தேடி அலைய வேண்டாம். அப்படி ஒன்று இல்லை. பிஎஸ்4 டிஸ்க்கையே போட்டு விளையாடலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க் ஓடும். ஆனால் சீரிஸ் எஸ், பிஎஸ்5 டிஜிட்டல் இரண்டிலும் டிஸ்க் போடும் வாயே கிடையாது. புது பிஎஸ்5 ஸ்லிம் டிஜிட்டல் என்றால் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். மற்றதற்கு ஸ்டோரில் வாங்கி இறக்குவது ஒன்றே வழி. இதற்கு 50 ஜிபி அளவுக்கு இடம் வேண்டும். சீரிஸ் எஸ்ஸின் 512 ஜிபியில் கையில் கிடைப்பது சுமார் 364 ஜிபிதான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நிண்டெண்டோ ஸ்விட்சுக்கும் 2024 ஜூலையில் இது வந்தது.

பிஎஸ்5 மட்டும் என்றால் ப்ராஜெக்ட் விங்மேன் இன்னொரு நல்ல தேர்வு. ஏஸ் காம்பாட் பிடித்துப்போய் இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு. எதிரிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், மூச்சுவிட நேரம் இருக்காது. எக்ஸ்பாக்ஸுக்கு இது வரவில்லை. கண்ணில் மாட்டிக்கொண்டு விமானத்துக்குள் இருப்பதுபோல் பார்க்கும் பிஎஸ் விஆர்2 ஹெட்செட் இருந்தால் இதில் பயன்படும். ஏஸ் காம்பாட் 7-இன் விஆர் பகுதி பழைய பிஎஸ் விஆரில் மட்டுமே ஓடும், அதுவும் மூன்றே மிஷன். அதற்காக ஹெட்செட் வாங்காதீர்கள்.

வார் தண்டர் இலவசம். பிளேஸ்டேஷனில் ஆன்லைன் விளையாடக் கட்டும் பிஎஸ் பிளஸ் சந்தாவும் வேண்டாம். நெட் மட்டும் எப்போதும் வேண்டும். இலவசம் என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் இறக்குகிறார்கள், இரண்டே நாளில் அழித்தும் விடுகிறார்கள். காரணம் எளிது: ஜெட் ஓட்ட ஆசைப்பட்டு வருகிறவன் கையில் 1930-களின் இரட்டை இறக்கை விமானத்தைக் கொடுக்கும். அங்கிருந்து ஜெட் வரை ஏற மாதக்கணக்கில் விளையாட வேண்டும், இல்லையென்றால் காசு கொடுக்க வேண்டும். அந்தப் பொறுமை இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கன்சோலில் கிடையாது. ஆர்கேடு முறையில் குண்டு வானத்திலேயே நிரம்பும். எங்கே சுட்டால் படும் என்று ஒரு புள்ளி காட்டிக் கொடுக்கும். ரியலிஸ்டிக்கில் அந்தப் புள்ளி இல்லை, குண்டு தீர்ந்தால் தளத்துக்குத் திரும்பி இறங்க வேண்டும். சிமுலேட்டர் முறையில் காக்பிட்டுக்கு உள்ளிருந்து மட்டுமே பார்க்க முடியும். கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு அங்கே போவது வீண் வேதனை.

வார் தண்டர் இறக்குவதற்கு முன்னால் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி கன்சோலில் மாற்றிவிடுங்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி மாதச் செலவு வரம்பைச் சுழியத்தில் வையுங்கள். கார்டு நம்பர் சேமித்திருக்கும் கணக்கில் பிள்ளைகளை விட்டால், தங்கக் கழுகு என்ற பெயரில் விற்கும் கேம் காசு எவ்வளவு போனது என்று பேங்க் மெசேஜ் வந்த பிறகுதான் தெரியும்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் அற்புதமான கேம், ஆனால் அதில் சுட முடியாது. ஃபைட்டர் விமானம் கிடைத்தாலும் பறக்க மட்டுமே. யூடியூபில் பார்த்து ஆசைப்படும் டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டர் கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியது, எந்தக் கன்சோலிலும் வராது. ஸ்டார் வார்ஸ் ஸ்குவாட்ரன்ஸ் விண்வெளிச் சண்டை. என்ஜின், ஆயுதம், கவசம் மூன்றுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் விதம் சுவையானது. ஆனால் ஜெட் கேட்டவனுக்கு அது ஜெட் ஆகாது.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே டிவியில் மோத வேண்டும் என்றால் புது கேம்கள் கைவிட்டுவிடும். ஏஸ் காம்பாட் 7, ப்ராஜெக்ட் விங்மேன், வார் தண்டர் எதிலும் திரையைப் பிரித்து விளையாட முடியாது. பரணில் பழைய பிஎஸ்2 கிடந்தால் ஏஸ் காம்பாட் 04, ஏஸ் காம்பாட் ஜீரோ இரண்டிலும் அது உண்டு. வேறு வீட்டு நண்பனோடு ஆன்லைனில் மோத ஏஸ் காம்பாட் 7-இல் எட்டுப் பேர் வரை சேரலாம். பிளேஸ்டேஷனில் அதற்கு பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும், அதில் எசென்ஷியல் என்ற கீழ்ப்படி போதும்.

பழைய டிஸ்க், கல்ஃப் டிஸ்க்

நம் ஊரில் பாதி டிஸ்க் துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் பெட்டியில் வந்ததுதான். பிளேஸ்டேஷன் டிஸ்க்குக்கு நாடு பார்க்கும் பூட்டு கிடையாது, எங்கே வாங்கினாலும் கேம் ஓடும். சிக்கல் கூடுதல் மிஷன் வாங்கும்போது வரும். ஏஸ் காம்பாட் 7-க்கு மூன்று கூடுதல் மிஷனும் கூடுதல் விமானங்களும் காசுக்கு விற்கிறார்கள். இந்தியக் கணக்கில் அதை வாங்கி, வேறு பகுதிக்கென்று அச்சடித்த டிஸ்க்கைப் போட்டால், காசு போயிருக்கும், கேம் அதைக் கண்டுகொள்ளாது. டிஸ்க்கிலும் அட்டையின் முதுகிலும் சியுஎஸ்ஏ என்று தொடங்கி ஐந்து எண் அச்சிட்டிருக்கும்; பதிப்பைத் தெரிந்துகொள்ள அதுதான் அடையாளம். எண் வேறாக இருந்தால் அந்த டிஸ்க் எந்த நாட்டுக்கு உரியதோ அந்த நாட்டுக் கணக்கு ஒன்று தொடங்கி, அந்த நாட்டு கிஃப்ட் கார்டு மூலம் வாங்க வேண்டும். நம் ஊர் பேங்க் கார்டு அங்கே செல்லாது. அந்தக் கணக்குக்கு இந்தக் கன்சோலை முதன்மையாக வைத்துவிட்டால் வீட்டில் மற்றவர்கள் கணக்கிலும் அந்த மிஷன்கள் திறக்கும்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது போதாது. மெல்லிய கீறல்கள் பரவாயில்லை. நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் தொடவே வேண்டாம். கன்சோல் டிஸ்க்கை முழுக்க நகல் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஒழுங்காக ஓடும். கெட்ட டிஸ்க் பெரும்பாலும் அந்த நகல் பாதியிலேயே நின்றுபோகும். ஆகவே மெனு வந்துவிட்டது என்று காசைக் கொடுக்காமல், நகல் நூறு சதவீதம் ஆகும் வரை இருந்து பார்த்து வாங்குங்கள்.

கன்ட்ரோலரிலும் ஒரு சோதனை. ஏஸ் காம்பாட் மிஷனில் நேராகப் பறக்கும்போது இடது ஸ்டிக்கிலிருந்து விரலை எடுங்கள். பத்து விநாடியில் விமானம் தானாக ஒரு பக்கம் சரிந்தாலோ மூக்கு தாழ்ந்தாலோ ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. ஓடிச் சுடும் கேமில் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் விமான கேமில் உடனே தெரிந்துவிடும். வார் தண்டரில் டெட் ஸோன் (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) அளவை ஐந்து முதல் பத்து சதவீதம் வரை கூட்டினால் சிறிய தேய்மானத்தை மறைக்கலாம். அதற்கு மேல் போனால் குறிவைக்கும்போது ஸ்டிக் மந்தமாகிவிடும்.

கரண்ட், இடி, உப்புக்காற்று

மிஷன் முடிந்து மதிப்பெண் திரை வரும் வரை எதுவும் சேமித்ததாக எண்ண வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் அந்த மிஷனை முதலிலிருந்து ஓட்டத் தயாராக இருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் முறை, அகல முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அகல முறையில் மாறும் நேரம் அதிகம். டிவி தாங்கும், கன்சோல் அணைந்து எழும். யுபிஎஸ் முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பிஎஸ்5 விளையாடும்போது ஏறக்குறைய 200 வாட் எடுக்கும், டிவி தனி. ஃபேன், லைட் மட்டும் கணக்குப் பண்ணி மாட்டிய சிறிய இன்வெர்ட்டர் என்றால் மிஷனை நிறுத்திவிட்டு முறையாக அணைக்க மட்டும் அதை நம்புங்கள்.

துலா மாத மாலை இடிக்கு சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். லேன் கேபிளையும் பிடுங்குங்கள். ரவுட்டர் வழியாக வரும் மின் அதிர்வு சில நேரம் கன்சோலின் லேன் துளையை மட்டும் சாகடித்துவிட்டு மற்றதை விட்டுவைக்கும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடற்கரையை ஒட்டிய வீடுகளில் கன்சோலைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். உப்பும் தூசியும் சேர்ந்து ஃபேனில் அப்பினால் சத்தம் கூடும், சூடு ஏறும். அதற்காகத் துணி போட்டு மூடிக்கொண்டே விளையாடுவது அதைவிடக் கேடு.

முதல் நாள்

டிவியில் கேம் மோடைப் போடுங்கள், படத்தை மென்மையாக்கும் வசதிகளை அணையுங்கள். இல்லையென்றால் ஸ்டிக் அசைத்துச் சற்று நேரம் கழித்துத்தான் விமானம் திரும்பும், பழியெல்லாம் கேம்மேல் விழும்.

ஏஸ் காம்பாட் 7-இல் எளிய முறையை விட்டு எக்ஸ்பர்ட் கன்ட்ரோலை முதல் நாளே தேர்ந்தெடுங்கள். எளிய முறையில் ஸ்டிக்கை இடதுபக்கம் தள்ளினால் விமானம் ஆட்டோ திரும்புவது மாதிரி திரும்பும், தலைகீழாகப் புரளாது. எக்ஸ்பர்ட்டில் ஸ்டிக்கை இடதுபக்கம் தள்ளினால் விமானம் இடப்புறமாக உருளும். இறக்கை நெட்டுக்குத்தாக நின்றதும் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுங்கள், வளைந்து திரும்பும். உருட்டு, பிறகு இழு. முதல் அரை மணி நேரம் தலை சுற்றும். பிறகு பழைய முறைக்குப் போக மனம் வராது. இன்னும் இறுக்கமாகத் திரும்ப எல்2, ஆர்2 பட்டன் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். வேகம் சட்டென்று குறையும், அதனால் தாழ்வாகப் பறக்கும்போது வேண்டாம்.

ஏவுகணை எச்சரிக்கை கத்தினால் நேராக ஓடாமல் பக்கவாட்டில் திரும்புங்கள். முடியாத நேரத்தில் இரண்டு ஸ்டிக்கையும் ஒருசேர அழுத்தினால் ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறியான ஃபிளேர் விழும்; எண்ணிக்கை குறைவு, கண்டபடி போட்டால் கடைசியில் கை விரிக்கும். மேகத்துக்குள் புகுந்தால் எதிரியின் குறி தப்பும். ஆனால் நீண்ட நேரம் உள்ளே இருந்தால் விமானத்தில் பனி பிடித்துக் கட்டுப்பாடு குறையும். உங்கள் ஏவுகணை தொடர்ந்து தவறுகிறது என்றால் பெரும்பாலும் எதிரே வருகிறவனைப் பார்த்துச் சுடுகிறீர்கள். பின்னால் போய், நெருங்கி, குறி சிவந்த பிறகு விடுங்கள்.

ஜாய்ஸ்டிக் கடைசியில்

எந்த கேமை அதிகம் விளையாடுகிறோம் என்று தெரிந்த பிறகு வாங்கினால் போதும். த்ரஸ்ட்மாஸ்டரின் டி.ஃபிளைட் வரிசையில் மூன்று ஒரே மாதிரி இருக்கும், பெட்டியும் ஏறக்குறைய ஒன்று. ஹோட்டாஸ் 4 பிளேஸ்டேஷனுக்கு, ஹோட்டாஸ் ஒன் எக்ஸ்பாக்ஸுக்கு, ஹோட்டாஸ் எக்ஸ் பிஎஸ்3-க்கும் கம்ப்யூட்டருக்கும். மாற்றி வாங்கினால் மாற்று வழி கிடையாது. கல்ஃபில் இருக்கும் மாமாவிடம் சொல்லும்போது "விமான ஜாய்ஸ்டிக்" என்று சொல்லாமல் பெட்டியின் படத்தையே வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள்.

ஹோட்டாஸ் 4-இல் பிளேஸ்டேஷன், கம்ப்யூட்டர் என்று நகர்த்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. கேபிளைக் கழற்றிய நிலையில் அதைப் பிளேஸ்டேஷன் பக்கம் தள்ளி, பிறகு செருகுங்கள். செருகும் நேரத்தில் ஸ்டிக்கைத் தொடக் கூடாது. எந்த நிலையில் நிற்கிறதோ அதைத்தான் நடு என்று எடுத்துக்கொள்ளும். தொட்டுவிட்டால் விமானம் விடாமல் ஒரு பக்கம் இழுக்கும், கழற்றி மறுபடி செருகினால் சரியாகும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தால் நழுவிக்கொண்டே இருக்கும். ஒரு பலகைமேல் ரப்பர் விரிப்பைப் போட்டு அதில் வையுங்கள்.