சமஸ்தானக் கணக்கில் ‘ஊதாரித்தனம்’ என்ற சொல்லைச் சோதிப்பது எப்படி?

‘அரசர் வரிப்பணத்தை வாரி இறைத்தார், ரெசிடெண்ட் (அரசவையில் இருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி) அதற்குக் கடிவாளம் போட்டார்’ என்று ஊர் வரலாறு எழுதுவோர் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த வரி அதிகாரியின் கடிதத்திலிருந்து எடுக்கப்பட்டது, கணக்கேட்டிலிருந்து அன்று. அதனால்தான் கணக்கை முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன்.

உடன்படிக்கையிலிருந்து தொடங்குங்கள். தஞ்சையில் 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நிர்வாகம் கும்பெனியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், கைக்குப் போனது. அரசர் இரண்டாம் சரபோஜிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் (அக்காலப் பொன் நாணயம்), நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் என்று முடிவாயிற்று. வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கொண்டால் முதல் தொகை 3.5 லட்சம் ரூபாய். ஆகவே அதற்குப் பிந்தைய அரண்மனைச் செலவை அரசு வருவாயின் செலவாக எழுதுவது தவறு. அது அவருக்கென ஒதுக்கப்பட்ட பங்கின் செலவு.

அடுத்து, ‘நிகர’ என்ற சொல்லில் நிதானமாக நில்லுங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, மொத்த வசூல் 30 லட்சம், வசூல் செலவு 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அரசரின் பங்கு 5 லட்சம். அதே செலவு 10 லட்சம் என்று பதிவானால் பங்கு 4 லட்சமாகச் சுருங்கும். வசூல் செலவை எழுதும் பேனா கலெக்டர் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், இருந்தது. அரசரின் கை எவ்வளவு தாராளம் என்று பார்க்குமுன், அந்தக் கைக்கு வந்தது எவ்வளவு, அதை யார் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள்.

ஆண்டைப் பொருத்தும்போது கவனம் தேவை. வருவாய்க் கணக்கு பசலி என்ற வருவாய் ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால், ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

பிறகு, கும்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகையை அரண்மனைச் செலவின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மைசூரில் 1799ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி கும்பெனிக்கு ஆண்டுக்கு 7 லட்சம் வராகன், அதாவது 24.5 லட்சம் ரூபாய். 1831இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜரிடமிருந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டபோது சீர்கேடும் கடனும் காரணங்களாகச் சொல்லப்பட்டன; அவற்றைப் படிக்கும் கண் இந்தத் தொகையையும் பார்த்தாக வேண்டும். நிர்வாகம் அரச குடும்பத்துக்குத் திரும்ப 1881 வரை ஆயிற்று.

இதைச் சொல்வதால் அரசர்களை ஒட்டுமொத்தமாக விடுவித்துவிடக் கூடாது. புதுக்கோட்டை கப்பம் கட்டாத சமஸ்தானம். ஆகவே அதன் அரசர் ராமச்சந்திர தொண்டைமான் காலத்துக் கடனுக்குக் கும்பெனியின் கப்பத்தைக் காரணம் காட்ட முடியாது. அங்கே அரண்மனையின் செலவையே வரி வரியாகப் பார்க்க வேண்டும். 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியின் நிர்வாகத்தை அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள்.

கோயில், சத்திரம், தானச் செலவுகளை நகைச் செலவோடு ஒரே தலைப்பில் சேர்க்காதீர்கள். 1802இல் ஒரத்தநாட்டில் எழுந்த முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர் உண்ட சோறும் சில கடிதங்களின் பார்வையில் ‘அரண்மனைச் செலவு’தான். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ஆங்கிலக் கோப்புகளோடு நிறுத்திவிடாமல், தஞ்சையின் மோடி ஆவணங்களையும் (மோடி எழுத்தில் எழுதிய மராத்தி ஆவணங்கள்) தேடிப் பார்த்தால், அதே செலவு அரண்மனைக் கணக்கர் கையில் எந்தத் தலைப்பில் பதிவானது என்பது தெரியவரும்.