வேலூர் வெயிலுக்கு ஏற்றபடி பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முறை

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பகுதிகளில் பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள், தரைக்கு எந்த டைல்ஸ் போடலாம் என்றே பெரும்பாலும் பேச்சைத் தொடங்குகிறார்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இந்த ஊர்களில் முதல் செலவு மொட்டை மாடிக்கே போக வேண்டும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு முழுவதும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கு நம் கொத்தனார்கள் அறிந்த செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளமே இன்றும் நல்ல வழி. 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீர்த்த சுண்ணாம்பு என்பது பொதுப்பணித் துறை வழக்கம். இதில் மணல் சேர்ப்பதே இல்லை என்பதால், மணலை இழந்து கிடக்கும் பாலாற்றுக்கும் இது நல்லது. நன்றாக வெந்த செங்கல்லை உடைத்து, ஜல்லியை ஊற வைத்து, மழைநீர்க் குழாயை நோக்கி வாட்டம் இருக்கும்படி சுமார் 3 அங்குலக் கனத்துக்குப் பரப்ப வேண்டும். பிறகு சித்தாட்கள் வரிசையாக அமர்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி மரக்கட்டையால் தட்டுவார்கள். கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழும்போதுதான் தளம் இறுகியதாகக் கொள்ளலாம். அதன் மேல் தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட மண் ஓட்டைப் பதிக்கலாம். கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்த கூரையானால், இந்தக் கூடுதல் பாரத்தை அது தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். அவ்வளவு செலவு செய்ய இயலாதவர்கள் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் சூடு கணிசமாகக் குறையும்.

மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ எழுப்பிய பழைய சுவர்களுக்குச் சிமெண்ட் பூச்சு வேண்டாம். அது சுவருக்குள் ஏறிய ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்துவிடுவதால், ஓதம் மேலே ஏறிப் பூச்சையே தள்ளிவிடும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த ஈரம் தானாகவே காய்ந்துவிடும். தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் இருப்பவர்கள், சாந்து குழைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். உப்பு மிகுந்த நீர் சுவரில் வெள்ளையாகப் பூப்பதோடு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் அரிக்கும்.

உடல்நலத்துக்குப் பெரிய கேடு, இடிக்கும்போது எழும் தூசியில் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடையும்போது பறக்கும் நுண்ணிழைகள், பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. விரிசல் இல்லாத ஷீட்டைத் தொடாமல் விடுவதே மேல். எடுத்தே ஆக வேண்டுமானால் நன்றாக நனைத்து, அறுக்காமலும் துளையிடாமலும் போல்ட்டைக் கழற்றி முழுதாக இறக்கி, கனமான பாலித்தீனில் சுற்றி, உள்ளாட்சி அமைப்பிடம் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். ஏரிக்கரையில் கொட்டவே கூடாது. துணி முகக்கவசம் இந்த இழையைத் தடுக்காது. வேலையாட்களுக்குப் பி100 வடிகட்டி (நுண்துகள்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கும் தரம்) பொருத்திய முகக்கவசம் வாங்கித் தருவது வீட்டு உரிமையாளரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் எனாமல் அடித்த கதவு, ஜன்னல் கம்பிகளை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல், நனைத்துத் தேய்த்து, வழியும் கழிவைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கழற்றிய தேக்குக் கதவையும் நிலையையும் விற்றுவிடாதீர்கள். அதே அளவில் புதிய வாசலைத் திட்டமிட்டால் மரச் செலவு மிச்சம். உடைந்த செங்கல்லில் நன்றாக வெந்ததைத் தேர்ந்து மாடித் தளத்துக்கே ஜல்லியாக்கலாம். மாடியைத் திருத்தும்போதே மழைநீர்க் குழாயையும் சரிசெய்துவிடுங்கள்: 1,000 சதுர அடியில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் நீர் விழுகிறது.

பிளைவுட் அலமாரி செய்வதானால், அதன் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான வாயு குறைவாக வெளியேறும் இ1 அல்லது இ0 தரத்தைக் கேட்டு வாங்கி, பெயிண்டும் அலமாரியும் முடிந்த அறையின் ஜன்னல்களைச் சில நாட்கள் திறந்து வைத்து, வாடை முழுவதும் போன பிறகே அதில் படுக்கை போடுங்கள்.