பழைய புல்லட்டுக்குப் பின் ஷாக் அப்சார்பர்: அளந்து வாங்குவது எப்படி

காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் 350-க்குப் பின் ஷாக் மாற்ற வேண்டுமென்றால், பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு சென்னையில் புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போய் "இதே மாதிரி ஒரு ஜோடி கொடுங்க" என்று கேட்பதுதான் வழக்கம். முப்பது நாற்பது வருஷம் ஓடிய வண்டியில் இப்போது தொங்குவது கம்பெனி மாட்டி அனுப்பிய ஷாக்தானா என்பது யாருக்கும் தெரியாது. நடுவில் வண்டி வைத்திருந்த யாரோ, அன்றைக்குக் கடையில் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். அதையே சாம்பிளாகக் காட்டினால் அதே தப்பு புதிதாக வந்து சேரும். எனவே கடைக்கு எடுத்துப் போக வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு. அதில் நான்கைந்து அளவுகள்.

முதலில் கோளாறு ஷாக்கில்தானா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மின் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) பின்முனையும் சேர்ந்து ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ் போய்விட்டது. சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். வளைவில் வண்டி வால் ஆட்டுவதற்குப் பாதி நேரம் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். புது ஷாக் போட்டும் அது தீராது. சின்னப் பள்ளத்திலும் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் ஷாக்கின் கண்ணில் (மேலும் கீழும் வண்டியில் மாட்டும் வளையம்) உள்ள ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள்.

ஷாக்கைத் தனியாகச் சோதிக்க ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள். மேலே இரண்டு பாதியாக உட்கார்ந்திருக்கும் பூட்டு விலகினால் தகர மூடியும் ஸ்பிரிங்கும் சேர்ந்து முகத்துக்கு வரும். கழற்றிய பிறகு, வண்டியில் நிற்பது போலவே நிமிர்த்திப் பிடித்து, ராடை (உள்ளே போய் வரும் கம்பி) ஏழெட்டு முறை முழுசாக அழுத்தி இழுங்கள். படுத்துக் கிடந்த ஆயில் ஷாக்கில் காற்று கலந்திருக்கும் என்பதால் முதல் சில இழுப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதன் பிறகும் அழுத்தி இழுக்கத் திரும்பும் இடத்தில் கொஞ்ச தூரம் வெறுமையாக ஓடினால் ஆயில் குறைந்திருக்கிறது. நல்ல ஷாக் அழுத்தும்போது ஓரளவு எளிதாகப் போகும், இழுக்கும்போது அதிகமாகத் தடுக்கும். ராடின் குரோமில் துருப்புள்ளிகள் நகத்தில் தட்டுப்பட்டால் ஆயில் சீல் மாற்றிப் பயனில்லை. அந்தப் புள்ளிகள் புது சீலையும் அறுத்துவிடும்.

நீளம்

மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவு வரை உள்ளதுதான் நீளம். இரண்டு துளையும் ஒரே விட்டமாக இருந்தால் மேல் துளையின் மேல் விளிம்பிலிருந்து கீழ்த் துளையின் மேல் விளிம்பு வரை டேப் வைத்தால் அதே அளவு வரும். ஷாக் வண்டியிலிருந்து கழன்று, முழுசாக நீண்ட நிலையில் இருக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தாலும் இந்த அளவு மாறாது. ராட் உள்ளே தடுப்பில் முட்டி நிற்கும் இடம்தான் நீளத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங் கையால் சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் மட்டும் ராடை இழுத்துப் பிடித்து அளக்கவும்.

உங்களுடையது சரியான அளவுதானா என்ற சந்தேகம் இருந்தால் கை வைக்கப்படாத அதே மாடல் வண்டி ஒன்றில் அளந்து ஒப்பிடுங்கள். 5 மி.மீ. வித்தியாசம் பொறுத்துக்கொள்ளலாம். 10 மி.மீ. கூடினால், புல்லட்டின் 1370 மி.மீ. வீல்பேஸுக்கு (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) முன் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய 0.4 டிகிரி நிமிர்கிறது. ஹேண்டில் கொஞ்சம் லேசாகத் திரும்பும், அவ்வளவுதான். 25 மி.மீ. கூடினால் நேர் ரோட்டில் வேகமாகப் போகும்போது ஹேண்டில் நிலைகொள்ளாது. அதற்கு முன்பே வேறு தொல்லைகள் வந்துவிடும்: சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினாலும் பின் சக்கரம் தரையைத் தொடும், சைட் ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மீறிச் சாயும், சக்கரம் தொங்கும்போது செயின் ஸ்விங் ஆர்மின் முன்பக்கத்தில் உரசும். குட்டையாகப் போட்டால் ஸ்டாண்ட் போட இடுப்பு போகும், பள்ளத்தில் டயர் மட்கார்டில் இடிக்கும். கம்பெனி அளவான 3.25-19 டயருக்குப் பதில் பெரிய டயர் ஏற்றியவர்கள் குட்டை ஷாக்கை நினைக்கவே வேண்டாம்.

கண், புஷ், ஸ்டட்

ஸ்டட்டின் (ஷாக்கின் கண் ஏறி உட்காரும் முளை) விட்டம், புஷ்ஷின் உள்விட்டம், கண்ணின் அகலம் மூன்றையும் வெர்னியரில் எடுங்கள். மேலும் கீழும் ஒரே அளவு என்று நினைத்துவிடாதீர்கள். புஷ் துளை பெரிதாக இருந்தால் லேத்தில் ஒரு இரும்பு ஸ்லீவ் கடைந்து போடலாம். தகரத்தைச் சுற்றி அடைப்பது ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது. புஷ்ஷின் உள் குழாய் ரப்பரைவிடத் துளி நீளமாக இருக்க வேண்டும். நட் இறுகும்போது வாஷர் அந்தக் குழாயைத்தான் பிடிக்க வேண்டும், ரப்பரை நசுக்கக் கூடாது.

புது ஷாக்கின் கீழ்க் கண்ணை மாட்டிவிட்டு, மேல் கண்ணை இரண்டு விரலால் பிடித்து ஸ்டட்டில் தள்ளிப் பாருங்கள். தானாக ஏறினால் சரி. 2 மி.மீ. இழுத்து வளைத்தால்தான் ஏறும் என்றால் வாஷர் மாற்றி நேராக்குங்கள். அப்படியே இறுக்கினால் ராட் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சில மாதத்தில் அந்தப் பக்கம் மட்டும் ஆயில் கசியும். கடைக்காரர் மீதும் கம்பெனி மீதும் வரும் புகார்களில் நிறைய இந்த ரகம்தான்.

ஸ்பிரிங்

வெளித்தோற்றத்தில் ஏமாறுவது இங்கேதான். 7.5 மி.மீ. கம்பி, 50 மி.மீ. நடு விட்டம் (சுருளின் குறுக்கே கம்பியின் நடுவிலிருந்து எதிர்க் கம்பியின் நடுவு வரை), வேலை செய்யும் சுற்று 14 என்றால் அந்த ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க ஏறத்தாழ 1.8 கிலோ கேட்கும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கம்பி மட்டும் 8 மி.மீ. ஆனால் 2.3 கிலோ. அரை மி.மீ. தடிமன் கூடியதற்குக் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதல் விறைப்பு! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே கடையில் வெர்னியரை முதலில் ஸ்பிரிங் கம்பி மேல் வையுங்கள். பெயிண்ட் தடிமனைக் கழிக்க மறக்காதீர்கள். பட்டறையில் டிரில்லிங் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது: அதன் மேசையில் வீட்டு எடை மெஷினை வைத்து, மேலே ஸ்பிரிங்கை நிறுத்தி, நன்றாக உட்கார்ந்த பிறகு ஒரு அளவு, 10 மி.மீ. அமுக்கி இன்னொரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்தால் வகுத்தால் விடை.

உங்களுக்கு எது வேண்டும்? தோராயமாக ஒரு கணக்கு. வண்டி 175 கிலோ. அதில் பின் ஸ்பிரிங்குகள் மேல் உட்காருவது 68 கிலோ என்று வைப்போம். ஓட்டுபவர் 70 கிலோ என்றால் 50 கிலோ பின்னால் சேரும். மொத்தம் 118, ஒரு ஷாக்குக்கு 59. புல்லட்டில் ஷாக் பின் அச்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சக்கரம் ஏறும் தூரமும் ஷாக் அமுங்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்று. 1.8 கிலோ ஸ்பிரிங் 33 மி.மீ. அமுங்கும், முன்கூட்டியே 8 மி.மீ. அமுக்கி மாட்டியிருப்பதைக் கழித்தால் 25. ஒற்றை ஆளாக ஓட்டுபவருக்கு இது அழகாகப் பொருந்துகிறது. பின்னால் 60 கிலோ ஆள் ஏறினால் 40 மி.மீ.க்கு இறங்கிவிடும். தினமும் இருவராகப் போகிறவர்கள் 2.3 கிலோவுக்குப் போகலாம். அதில் இருவர் உட்கார்ந்தால் 30 மி.மீ., தனியாக ஓட்டினால் 18 மி.மீ., கொஞ்சம் தூக்கிப் போடும்.

கேஸ் ஷாக் பற்றி

ஆயிலோடு நைட்ரஜன் வாயுவையும் அழுத்தி அடைத்ததுதான் கேஸ் ஷாக். அதன் பின்னால் தனிச் சிலிண்டர் ஒட்டியிருந்தால் உயர்ந்தது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. நைட்ரஜன் அழுத்தம் செய்யும் வேலை, ஆயில் நுரைத்துப் போகாமல் காப்பது. நீண்ட மோசமான ரோட்டில் ஷாக் சூடேறும்போது அதன் பலன் தெரியும். ஊருக்குள் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகும் வண்டிக்கு நல்ல சாதா ஆயில் ஷாக் போதும். 10 மி.மீ. ராடும் 10 பார் அழுத்தமும் இருந்தால் ஒரு ஷாக்குக்கு 8 கிலோ கூடுதலாகத் தாங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். கேஸ் ஷாக்கை ஓட்டை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது.

சிலிண்டர் எங்கே இடிக்கும் என்று பார்ப்பது முக்கியம். இடப்பக்கம் செயின் கவர், வலப்பக்கம் சைலன்சர், இரு பக்கமும் பின்னால் உட்காருபவரின் கால். ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்குகளை மட்டும் மாட்டி, சக்கரத்துக்கு அடியில் ஜாக் வைத்து, முட்டும் வரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எல்லா இடத்திலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். கேஸ் ஷாக்கில் ராடைத் தள்ளக் கூடுதல் பலம் வேண்டும் என்பதால் வண்டியை ஸ்டாண்டோடு கட்டிவிட்டுச் செய்யுங்கள்.

மாட்டுவதும் சரிபார்ப்பதும்

ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகே அடுத்த பக்கம் போங்கள்; ஸ்விங் ஆர்ம் தொங்கிப் பிரேக் ராடை இழுக்காது. நட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஆளை உட்கார வைத்து இறுதியாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

இனி மூன்று அளவு. சக்கரம் தொங்கும்போது அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு குறி வரை, வண்டி மட்டும் தரையில் நிற்கும்போது, ஆள் உட்கார்ந்தபோது. ஒவ்வொரு முறையும் ஒரு தடவை தூக்கிவிட்டும் ஒரு தடவை அமுக்கிவிட்டும் அளந்து சராசரி எடுங்கள், சீலின் பிடிப்பு ஏமாற்றும். முதல் அளவோடு ஒப்பிட்டால், 80 மி.மீ. அசைவுள்ள வண்டிக்கு ஆள் இல்லாமல் நிற்கும்போது 10 முதல் 15, ஆளோடு 25 முதல் 30 மி.மீ. இறங்க வேண்டும்.

முதலில் சி ஸ்பேனரால் கேம் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் படி வைத்த வளையம்) திருப்பி ஆளோடு உள்ள இறக்கத்தைச் சரியாக்குங்கள். இரு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். பிறகு ஆளை இறக்கிவிட்டு, வண்டி மட்டும் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று பாருங்கள். வண்டி துளியும் இறங்காமல் மேலே முட்டி நின்றால் ஸ்பிரிங் மெலிது; அதை அளவுக்கு மீறி அமுக்கி ஈடுகட்டியிருக்கிறீர்கள். மாறாக 20 மி.மீ.க்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் விறைப்பு அதிகம். வளையத்தைத் திருப்பினால் வண்டியின் உயரம்தான் மாறும், ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. இந்த இரண்டு நிலையிலும் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

ஷாக்கின் நீளம் மாறியிருந்தால் செயினையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்வரை வண்டியை அமுக்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள். செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடம் அதுதான். அங்கேயும் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு நட்டுகளையும் மறுபடி இறுக்கி, செயின் கவரிலும் மட்கார்டின் உள்பக்கத்திலும் புது உரசல் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.